சைக்கிள் கடைக்கு மேல்மாடி

டீச்சரம்மா பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கணவர் நடத்திவந்த டிரைவிங் ஸ்கூல் அவரோடு போய்விடும் என்று உறவுக்காரர்கள் முடிவுகட்டியிருந்த நேரத்தில், அந்தப் பழைய காரில் தானே ஏறி உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவள் கால் முந்திக்கொள்ளும். வாய் அதற்கும் முந்திக்கொள்ளும்.

கொஞ்ச நாளாக அந்த வாய்க்கு ஒரே பேச்சுதான்.

"கிளட்ச்சை மெதுவா விடு... என் பொண்ணு இருக்கிற ஊர்ல பெரிய இசை விழா. ஒரு மேடை ரெண்டு மேடை இல்ல, ஊர் பூரா மேடை. அதுல என் பொண்ணு டிரம்ஸ் வாசிக்கிறா. கண்ணாடியைப் பாரு, பின்னாடி லாரி வருது. நான் நேர்ல போய்க் கேட்கப் போறேன்."

கடல் தாண்டிப் போன அந்தப் பயணத்தில் கூட வந்தது சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் வெளியூர் லைனில் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். இரண்டு பேருக்கும் நடுவே மரியாதைக்குக் குறைவில்லை. நெருக்கத்துக்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணப் பேச்சு நடந்தபோது சம்பந்தியம்மா, "பொண்ணு ஏதோ வாசிப்பாளாமே, என்ன வாசிப்பா?" என்று ஆசையாகக் கேட்டாள். டிரம்ஸ் என்று சொன்னதும், "அது ஆம்பளைப் பசங்க அடிக்கிறதாச்சே" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் விட்டதுதான் டீச்சரம்மாவுக்கு இத்தனை வருஷமும் உறுத்திக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் சம்பந்தியம்மா, "மருமக மருந்துக் கடையில வேலை பார்க்கிறா" என்பாள். அது பொய்யும் இல்லை. மகள் பகலில் மருந்துக் கடையில்தான் நிற்கிறாள். மாலையில் அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து வாசிக்கும் குழு ஒன்று இருக்கிறது என்பதைச் சம்பந்தியம்மா சௌகரியமாக விழுங்கிவிடுவாள்.

விழா நாள் காலையில் மகள் இருவர் கையிலும் ஆளுக்கொரு நீலத் துணிப் பட்டையைக் கட்டிவிட்டாள்.

"இதுக்குப் பேரு ரிஸ்ட் பேண்ட். இதைக் காட்டினா எந்த இடத்துக்குள்ளயும் விடுவாங்க. கழட்டிடாதீங்க. நாங்க மேளத்தையெல்லாம் ஏத்திக்கிட்டு முன்னாடி போறோம். மூணு மணிக்கு எங்க புரோகிராம். அதுவரைக்கும் பூங்கா மேடை, லைப்ரரி எல்லாம் சுத்திப் பாருங்க. அத்தை, நீங்க வழியில எங்கயும் உட்கார்ந்துடாதீங்க."

"நான் எங்கம்மா உட்காரப் போறேன்? எனக்கென்ன முட்டி வலியா, மூட்டு வலியா" என்றாள் சம்பந்தியம்மா. இரண்டுமே உண்டு அவளுக்கு.

மாப்பிள்ளை டிரம்ஸ் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்தான். அவன் மனைவியின் குழுவுக்குச் சம்பளமில்லாத சுமைகூலி என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வான்.

பூங்கா நுழைவாயிலில் விழாவின் பெரிய போஸ்டர் நின்றது, ஆள் உயரத்துக்கு மேல். உச்சியில் முழங்கை நீளத்துக்கு எழுத்துகள். கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. டீச்சரம்மா மேலிருந்து தேட ஆரம்பித்தாள். நடுவரைக்கும் வந்தும் காணவில்லை. கடைசியில் குனிந்து, முட்டியில் கை ஊன்றித்தான் மகளின் குழுவைக் கண்டுபிடித்தாள். அடிமட்டத்து வரிசையில், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, எறும்பு மாதிரி. பக்கத்தில் இடம் போட்டிருந்தது: சைக்கிள் கடை, மேல்மாடி.

சம்பந்தியம்மாவும் குனிந்து பார்த்தாள்.

"பொடி எழுத்தா போட்டிருக்கான். நல்லவேளை, கண்ணாடி கொண்டுவந்தேன்."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஊரில் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பெரிய மேடை, வண்ண விளக்கு, கடல் மாதிரிக் கூட்டம் என்று சொல்லிச் சொல்லி அவளே நம்பியும் விட்டாள். இப்போது சைக்கிள் கடை மாடி. திரும்பிப் போய் என்னவென்று சொல்வது?

"இடம் சின்னதா இருந்தா காது கொடுத்துக் கேட்பாங்க" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

பூங்காவில் போஸ்டரின் உச்சியில் இருந்தவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் நெஞ்சுக்குள் புகுந்து உலுக்கியது. ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் புல்வெளியில் படுத்துக்கொண்டு, தின்றுகொண்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு இருந்ததை டீச்சரம்மா கவனித்துவைத்துக்கொண்டாள். லைப்ரரியில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே ஒரு பெண் ஆளுயர வயலினைத் தரையில் ஊன்றி வாசித்தாள். அங்கே சம்பந்தியம்மா நன்றாகத் தூங்கினாள். எழுப்பியபோது, "கண்ணை மூடித்தான் சம்பந்தி கேட்கணும்" என்றாள்.

அதன்பிறகு அவளுக்குக் காப்பி வேண்டியிருந்தது. காப்பி குடித்தபின் வேறொன்று வேண்டியிருந்தது, அதற்கு ஒரு நீண்ட வரிசை. பஸ்ஸில் ஏறி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கியும் விட்டார்கள். மூட்டு வலி வேறு சேர்ந்துகொள்ள, சைக்கிள் கடைத் தெருவுக்குள் நுழையும்போது மூன்றைத் தாண்டிவிட்டது.

தெருவில் ஒரு வரிசை நின்றது. சுவரை ஒட்டி, மூலை திரும்பி, அடுத்த தெருவுக்குள்ளும் போயிருந்தது.

"இங்கயும் பாத்ரூம் வரிசையா?" என்றாள் சம்பந்தியம்மா.

வரிசையின் முன்முனை சைக்கிள் கடையை ஒட்டிய ஒரு குறுகலான கதவில் முடிந்தது. கதவில் விழாக்காரர்களின் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். டீச்சரம்மா கைப்பட்டையைக் காட்டினாள். அந்தப் பெண் தலையை ஆட்டி, மாடியைக் காட்டி, இரண்டு கைகளையும் சேர்த்து நெருக்கிக் காட்டினாள். நிறைந்துவிட்டது. பழைய மரத்தளம், இதற்கு மேல் ஆளை ஏற்ற முடியாது. ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே.

டீச்சரம்மாவுக்கு அது மெதுவாகத்தான் மண்டைக்குள் இறங்கியது. இந்த வரிசை மொத்தமும் தன் மகளுக்காக நிற்கிறது. தன் மகள் வாசிக்கிற இடத்தில் தனக்கு நிற்க இடம் இல்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எக்ஸ்சேஞ்ச் குரலை எடுத்தாள்.

"இதோ பாரும்மா, மேல டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணு இவங்க பெத்த பொண்ணு. பெத்தவங்களையே வெளிய நிறுத்துவியா?"

முழுக்கத் தமிழில்தான் சொன்னாள். ஆனால் டீச்சரம்மாவைக் காட்டி, மாடியைக் காட்டி, கையில் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஆட்டிக் காட்டியதில் மஞ்சள் ஜாக்கெட் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் முகம் வாடிப்போயிற்று. வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் ஏதோ கேட்டாள். அவர்கள் உடனே ஒதுங்கி, இரண்டு பேரையும் முதல் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி யாராவது வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

மேலே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் வெளியே வரவில்லை. ஒரு பாட்டு முடிந்து கைத்தட்டல் கேட்டது. இரண்டாவதும் முடிந்தது. அப்போது கைக்குழந்தையோடு ஒருவன் அவசரமாகப் படியிறங்கி வந்தான். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் ஜாக்கெட் பெண் ஒரு விரலை நீட்டினாள். ஒருவர்.

"போங்க சம்பந்தி, சீக்கிரம்" என்று சம்பந்தியம்மா டீச்சரம்மாவின் முதுகைத் தள்ளினாள்.

டீச்சரம்மா ஒரு காலைப் படியில் வைத்தவள், எடுத்துவிட்டாள்.

"நீங்க போங்க."

"என்ன விளையாட்டு இது? பெத்தவ நீங்க."

"அதனாலதான் சொல்றேன். நான் போய்க் கேட்டு, நல்லா வாசிச்சான்னு சொன்னா யாரு கணக்குல எடுத்துப்பாங்க? அம்மா வேற என்னத்தைச் சொல்லுவா? நீங்க இதுவரைக்கும் ஒரு தடவைகூட அவ வாசிச்சுக் கேட்டதில்ல. போய்க் கேட்டுட்டு வந்து, எப்படி இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்க."

சம்பந்தியம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூட்டு வலியோடு படியேறிப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

மூடியதும் டீச்சரம்மா கதவை நோக்கி ஓரடி வைத்து நின்றுவிட்டாள். இவ்வளவு தூரம் பறந்து வந்தது எதற்கு? பெரிய மனுஷத்தனம் காட்டப் போய் நடுத்தெருவில் நிற்கிறேனே என்று தன் வாயையே திட்டிக்கொண்டாள்.

சைக்கிள் கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், கடைக்குள் வரும்படி கைகாட்டினார். உள்ளே ஒரு ஸ்டூலைத் தட்டித் துடைத்துப் போட்டார். மேலே விரலைக் காட்டி, தன் காதைத் தொட்டார். இந்த அறைக்கு நேர் மேலேதான் வாசிக்கிறார்கள்.

கடை முழுக்க ரப்பர் வாசனை. கூரையில் வரிசையாகக் கொக்கிகள் அடித்து, சக்கர ரிம்களைத் தொங்கவிட்டிருந்தார். சுவரில் ஸ்பேனர்கள். பாட்டுக் குரல் தெளிவாகக் கேட்கவில்லை, மற்ற வாத்தியங்களும் கம்பளிக்குள் பொதிந்த மாதிரி மங்கிக் கேட்டன. ஆனால் ஒரு சத்தம் மட்டும் மரத்தளத்தைத் தாண்டி, முழுசாக, நேராக இறங்கி வந்தது. அந்தச் சத்தம் விழும்போதெல்லாம் ரிம்கள் லேசாக நடுங்கின.

டிரம்ஸில் தரையில் நிற்கிற பெரிய மேளம். அதைக் கையால் அடிப்பதில்லை, வலது காலால் பெடலை மிதிப்பார்கள். மகள் சின்ன வயதில் விளக்கியிருக்கிறாள்.

ஆக, டீச்சரம்மாவுக்குக் கேட்டது மகளின் வலது கால்.

அந்தக் காலை அவளுக்குத் தெரியும். மகளுக்குக் கார் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ஊரில் எல்லோரையும் ஓட்டவைத்தவளுக்குப் பெற்ற பெண்ணிடம்தான் நாக்குத் தள்ளிப்போயிற்று. சிக்னலில் நின்றால் மகளின் வலது கால் சும்மா இருக்காது. ஆக்ஸிலரேட்டரில் தாளம் போடும். இஞ்சின் உறுமும். பக்கத்து வண்டிக்காரன் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து முறைப்பான். "ஆக்ஸிலரேட்டர் மேளம் இல்லடி" என்று கத்தாத நாள் கிடையாது. மகள் வண்டி ஓட்டிய நாளெல்லாம் டீச்சரம்மாவின் கால் தன் பக்கத்துப் பிரேக்கை விட்டு நகர்ந்ததே இல்லை. எப்போது பாய்வாளோ என்ற பயம்.

இப்போது அதே கால் மேலே மிதித்துக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவன் நடையைப் போல முதலில் சாதாரணமாக. பிறகு வேகம் எடுத்தது. எடுத்த வேகத்தில் ஒரு மிதியும் சிதறவில்லை. எல்லா வாத்தியமும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறியபோது, இதோ தறிகெட்டு ஓடப்போகிறது என்று டீச்சரம்மா பல்லைக் கடித்தாள். ஓடவில்லை. சரிவில் பாரம் ஏற்றிய வண்டியை இறக்குகிற கைதேர்ந்த டிரைவர் மாதிரி, அந்தக் கால் மொத்தக் குழுவையும் அலுங்காமல் கீழே இறக்கிக் கொண்டுவந்தது.

அடுத்த பாட்டின் நடுவே பாடுகிற குரல் நின்றது. மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றன. கால் மட்டும் தனியாக, மெத்தென்று, போய்க்கொண்டே இருந்தது. கடைக்கு வெளியே வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரும் கையை நிறுத்தினார். தெரு முழுக்க அந்த ஒரு சத்தம்தான்.

டீச்சரம்மா குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் தரையை அழுத்திப் பிடித்திருந்தது, இல்லாத பிரேக்கின் மேல். அவள் அதை மெதுவாக எடுத்து, ஸ்டூலின் கம்பியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் மேலே காட்டி, யார் என்று கண்ணால் கேட்டார். அந்த ஊர்ப் பாஷையில் மகளைக் குறிக்கும் சொல் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். கடைக்காரர் எழுந்து வாசலுக்குப் போய், வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொன்னார். சொல் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குத் தாவி மூலை திரும்பிப் போனது. திரும்பித் திரும்பி டீச்சரம்மாவைப் பார்த்தார்கள். ஒரு நடுவயதுப் பெண் கடைக்குள் எட்டிப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துக் கும்பிடுகிற மாதிரி தலை தாழ்த்திவிட்டுப் போனாள். டீச்சரம்மா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

கைத்தட்டல் ஓய வெகுநேரமாயிற்று. படியில் ஆட்கள் இறங்கும் தடதட சத்தத்துக்கு நடுவே சம்பந்தியம்மா வந்து சேர்ந்தாள். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. முகம் வியர்த்திருந்தது.

"எனக்குக் கோபம் கோபமா வருது சம்பந்தி."

டீச்சரம்மாவுக்குப் பகீரென்றது. "ஏன், என்ன ஆச்சு?"

"இத்தனை வருஷம் எங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் இந்தப் பொண்ணை வெங்காயம் உரிக்க உட்கார வெச்சிருக்கேன். யாராவது என்கிட்ட சொல்லியிருக்க வேண்டாமா? நீங்களாவது சட்டையைப் பிடிச்சு உலுக்கிச் சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொன்னேனே, டிரம்ஸ் வாசிப்பான்னு."

"டிரம்ஸ் வாசிப்பான்னா? அது எப்படி போதும்? அவ அங்க உட்கார்ந்திருந்த தோரணையை நீங்க பார்க்கணும். எங்க எக்ஸ்சேஞ்ச்ல சூப்பர்வைசர் அம்மா உட்காருவாங்க அந்த மாதிரி. மத்த மூணு பேரும் இவ முகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறாங்க, இவ முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துறாங்க. முன்னாடி ஒரு நெட்டையன் மறைச்சுக்கிட்டு நின்னான். முதுகுல தட்டினேன். அவ என் மருமகடான்னு தமிழ்லயே சொன்னேன். என்னைத் தோளைப் பிடிச்சு முன்னாடி கொண்டுபோய் விட்டுட்டான்."

சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்து ஊரில் இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டாள். அங்கே என்ன நேரமோ, அதைப்பற்றி அவள் கவலைப்படவில்லை.

"ஹலோ, கேட்குதா? என் மருமக கச்சேரிக்கு வந்தேன். ஆமா, டிரம்ஸ். என்னது? மருந்துக் கடையா? அது பகல்ல. நான் சொன்னதில்லையா? இப்ப சொல்றேன், கேளு."

டீச்சரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அதை வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். என் பொண்ணு என்று தான் ஒரு வருஷம் சொன்னாலும், சம்பந்தியம்மா அந்த ஒரு தடவை அடிவயிற்றிலிருந்து என் மருமக என்று சொன்னதற்கு ஈடாகாது என்று பட்டது.

மகள் படியிறங்கி ஓடிவந்தாள். தலை நனைந்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அம்மா, எங்க இருந்தே? பாட்டுக்குப் பாட்டு உன்னைத் தேடினேன். அத்தை மட்டும் நிக்கிறாங்க. கேட்கவே இல்லையா நீ?"

"கேட்டேன்டி. இங்க இருந்து கேட்டேன்."

"இங்க என்ன கேட்கும்? பெரிய மேளம் மட்டும்தான் கேட்கும்."

"அதுதான். உன் காலு மட்டும்தான் கேட்டுச்சு." டீச்சரம்மா அவள் நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நிறுத்தி நிதானமா இருந்துச்சு. இனிமே நீ எந்த ரோட்டுல வேணா போகலாம்."

மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதற்குள் மாப்பிள்ளை மஞ்சள் ஜாக்கெட் பெண்ணோடு வந்தான். வெளியே நின்ற வரிசை கலையவே இல்லையாம். விழாக்காரர்கள் லைப்ரரி கூடத்தில் அடுத்து இருந்த இடைவேளையை ஒதுக்கிக் கொடுத்து, இன்னொரு முறை வாசிக்கச் சொல்கிறார்களாம். உடனே மேளத்தைத் தூக்க வேண்டும். சம்பளமில்லாத சுமைகூலிக்கு ஆள் போதவில்லை.

டிரம்ஸின் பித்தளைத் தாளத் தட்டுகள் போட்ட வட்டப் பையை இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல கனம். மூட்டு வலியைப்பற்றி யாரும் பேசவில்லை. லைப்ரரி வாசலில் நின்ற இளைஞன் அவர்களை மறித்து, "பேண்ட்?" என்று கேட்டான். கைப்பட்டையைத்தான் கேட்டான்.

"ஆமாம்ப்பா, பேண்டுதான். நாங்க ரெண்டு பேரும்" என்றாள் சம்பந்தியம்மா, பையை உயர்த்திக் காட்டி. அவன் கதவை அகலமாகத் திறந்து வழிவிட்டான்.

இந்த முறை டீச்சரம்மாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி. சைக்கிள் கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்து பின்னால் நின்றிருந்தார். மகள் குச்சிகளை எடுத்துத் தட்டி ஆரம்பித்தாள். காரில் பக்கவாட்டிலேயே பார்த்துப் பழகிய முகத்தை டீச்சரம்மா நேருக்கு நேர் பார்த்தாள். வீட்டிலோ, ஊரிலோ அவள் காணாத ஒரு முகம். கண்கள் பாதி மூடி, உதடு லேசாகச் சிரித்து, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முகம். இதைச் செய்தவள் நான் இல்லை, இவளே செய்துகொண்டது என்று நினைத்தபோது பெருமை குறையவில்லை, கூடியது.

முடிந்ததும் எல்லோரும் மேளத்தைக் கழற்றுவதில் மும்முரமானார்கள். சம்பந்தியம்மா பின் வரிசையில் யாரையோ பிடித்துவைத்துத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா மட்டும் போய் லைப்ரரியின் வாசற்படி அருகில் நின்றுகொண்டாள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையில் குடை வைத்திருந்த ஒரு பெரியவர் படியிறங்கும்போது, தன்னை அறியாமல் கைப்பிடிக் கம்பியில் மகளின் தாளத்தை விரலால் தட்டிக்கொண்டே போனார். தெருமுனை திரும்பும்வரை அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. அவர் மறைந்த பிறகும் டீச்சரம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.